பத்தாம் வகுப்புக்குப் பின் ஓர் ஆயுள்

இலங்கை மலையகத்தில் நாவலப்பிட்டியோடு பத்தாண்டுக் காலம் நின்றிருந்த புகையிரதப் பாதை 1884ஆம் ஆண்டில் ஹட்டனையும், அதற்கு மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டிற்று. கோப்பிப் பயிரை நோய் அழித்தபின் மலைச்சரிவுகளெங்கும் பரவிக்கொண்டிருந்த தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க அப்பாதை வழிசெய்தது. அது வந்த எட்டாம் ஆண்டில், 1892இல், மெதடிஸ்த மிஷனார் ஹட்டன் நகரத்தில் ஒரு பாடசாலையைத் தொடங்கினர். ஹைலண்ட்ஸ் கல்லூரி என்று பின்னாளில் பிரசித்தி பெற்ற அந்த ஸ்தாபனத்துக்கு 1950களிலும் 1960களிலும் டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை முதலிய இடங்களிலிருந்து தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த பிள்ளைகள் விடியற்காலைக் கோச்சியிலும், பஸ்ஸிலும், குறுக்குப்பாதை வழியே கால்நடையாகவும் வந்து படித்தார்கள். அவர்களுடைய தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறிய அன்று தொடங்கி, உத்தியோகம், கலியாணம், மக்கட்பேறு, ஓய்வு என்று அவர்கள் கடந்துவந்த அரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்க்குந்தோறும் எனக்கு ஓர் உண்மை துலக்கமாகப் புலப்படுகிறது: கல்வி அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டது, உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பதை ஒவ்வொரு முறையும் ஏதேனுமொரு கந்தோரில் கிடந்த காகிதமே தீர்மானித்தது.

அத்தலைமுறையினர் எழுத்தறிந்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பை அரசாங்கம் சட்டத்தின் மூலம் கவனிக்கத் தலைப்பட்டது 1907ஆம் ஆண்டில்தான். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்துகொடுக்கும் பொறுப்பு தோட்டத்துரையைச் சார்ந்தது என்று அவ்வாண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்திற்று. பத்து வயதுக்குமேல் ஒரு பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற அபிப்பிராயம் அந்த வயதெல்லைக்குள்ளேயே பொதிந்து கிடந்ததை இன்று வாசிப்பவர் எளிதில் காணலாம். பத்து வயதுக்குப் பின் அந்தப் பிள்ளை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும். அதன் பெயர் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஏறும். சில்லறை வேலைக்குக் கங்காணியின் பின்னே மலைக்குப் போகும். தோட்டத்தின் தேவையும் சட்டத்தின் கருணையும் அந்த இடத்தில் ஒத்துப்போயின.

பாடசாலை என்பது பெரும்பாலும் இடைச்சுவர் இல்லாத ஒரே மண்டபம். மேலே தகரம், கீழே சாணம் மெழுகிய தரை அல்லது வெடித்த சிமெந்து. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஐந்து வரிசையாக அமர்ந்திருக்க, ஒரே வாத்தியாரையா ஒரு வரிசைக்கு வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரிசையின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே, மூன்றாம் வரிசையில் வாசிக்கிற பிள்ளையின் உச்சரிப்புக்கும் செவிகொடுப்பார். ஹட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. தகரத்தின்மேல் அது கொட்டுகிற ஓசையில் ஆசிரியர் குரல் முதல் வரிசைக்கே எட்டாது. அப்போது அவர் பாடத்தை நிறுத்திக் கரும்பலகையில் எழுதிப்போட, படங்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி நனைந்து வந்த பிள்ளைகள் அதைச் சாக்கின் ஈரம் சொட்டச் சொட்டப் பார்த்தெழுதுவார்கள். கொழுந்து மிகுந்து வருகிற மாதங்களில் வரிசைகள் மெலிந்துவிடும். மலைக்குப் போன தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடும். மணி அடித்த பிறகும் வாத்தியாருக்கு ஓய்வில்லை. ஊருக்குக் கடிதம் எழுதுவதும், வந்த தந்தியை வாசித்துச் சொல்வதும், துரைக்கு மனு எழுதுவதும் அவர் கடமையாகவே கருதப்பட்டன. சம்பளமோ தோட்டத்துச் சம்பளம். நியமனமோ துரையின் சித்தம்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே விடப்பட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஏறிய படிக்கட்டின் முதற்படி மலையகப் பிள்ளைக்குக் கட்டப்படவேயில்லை. ஆகவே, ஐந்தாம் வகுப்போடு முடிகிற தோட்டப் பாடசாலையிலிருந்து நகரத்துக் கல்லூரியின் ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை போய்ச் சேர்வது, அந்நாளில் அந்தக் குடும்பம் முழுவதும் கூடி எடுக்கிற தீர்மானம். முதலில் போனவர்கள் பெரிய கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைகாரர் ஆகியோரின் பிள்ளைகள். பிறகுதான் தொழிலாளர் பிள்ளைகள். சப்பாத்து, வெள்ளைச் சட்டை, கோச்சிக்குச் சீசன் டிக்கட், மதியத்துக்கு ரொட்டி என்று செலவுப் பட்டியல் நீளும், அதை ஈடுசெய்யத் தாய் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பாள், வளர்த்த மாட்டை விற்பார்கள், சீட்டுப் பிடிப்பார்கள், மூத்தவன் படிப்பை விட்டுப் பேர் பதிந்துகொள்வான், இளையவன் படிக்க வேண்டும் என்பதற்காக. ஹட்டன் புனித கபிரியேல் பாடசாலைக்குப் போன பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. அவர்களை அனுப்பிய தாய்மார் அக்கம்பக்கத்தாரிடம் கேட்க நேர்ந்த பேச்சுகளை எழுதினால் அதுவே தனி நூலாகும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள் எட்டுப் பேர் படுத்திருக்க, இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு கேத்திரகணிதம் பயின்றவர்கள் எஸ்.எஸ்.சி.யும், பின்னர் க.பொ.த. சாதாரண தரமும் சித்தியடைந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக நின்ற ஆசிரியர்களைக் குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹைலண்ட்ஸில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கமும், அவரோடு பணியாற்றிய திருச்செந்தூரனும், பாடப்புத்தகத்துக்கு வெளியே தம் மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம், தோட்டத்தில் பிறந்ததற்காகத் தலைகுனியலாகாது என்பது. மேடைப்பேச்சும் சிறுகதையும் பத்திரிகை வாசிப்பும் அந்தக் கல்லூரியில் பழக்கமாயின. வீரகேசரி மலையக எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடத்தியபோது எழுத முன்வந்தவர் பலர் அத்தகைய வகுப்பறைகளில் உருவானவர்களே.

இனி அந்தக் காகிதத்தின் கதை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியானார். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்பதற்கோ, அதற்கும் முந்திய தலைமுறைகளின் பிறப்புக்கோ அது அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்ட பாட்டனாருக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், விவாகமானவர் 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன் ஏழாண்டும், விவாகமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம் என்றது. விண்ணப்பிக்கும் தவணை 1951 ஆகஸ்டில் முடிந்தது. எட்டு இலட்சம்பேருக்கு மேற்பட்டோரைச் சார்ந்து மனுக்கள் போயின. பதினைந்தாண்டு இழுபறிக்குப் பிறகு பிரஜாவுரிமை பெற்றோர் தொகை ஏறக்குறைய 1,34,000தான். இதற்கிடையே வாக்குரிமையும் பறிபோய், 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் இம்மக்களுக்கென்று ஒரு குரலும் இல்லாதாயிற்று.

படித்த பிள்ளைக்கு இதனால் நேர்ந்த இடர் தனித்தன்மை உடையது. உத்தியோகத்தைக் கருதி வசதியுள்ள சிலர் தம் மக்களைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலை எழுதிய தெளிவத்தை ஜோசப், ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து கும்பகோணத்தில் படித்தவர். அவ்வாறு தமிழ்நாட்டில் கழித்த கல்வி ஆண்டுகளே, இடையறாத வாசம் என்ற கணக்கில் பலருக்குக் குறையாகப் போயின. இங்கேயே படித்துச் சித்தியடைந்தவனுக்கோ, எழுதுவினைஞர் பதவி, பொலிஸ், அரசாங்க ஆசிரியர் கலாசாலை ஆகிய ஒவ்வொன்றின் வாசலிலும் முதற்கேள்வி பிரஜாவுரிமைப் பத்திரம் பற்றியதாக இருந்தது. 1956க்குப் பின் சிங்கள மொழித் தகைமையும் அதனோடு சேர்ந்துகொண்டது. எஞ்சியவை இரண்டு மூன்று வழிகளே: தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர், மலையில் கணக்கப்பிள்ளை, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் டீமேக்கரின் உதவியாளர், அல்லது தான் எழுத்தறிந்த அதே ஒற்றை மண்டபத்தில் வாத்தியார். இவற்றுக்குத் துரையின் சம்மதம் போதும், பிரஜாவுரிமை தேவைப்படவில்லை. அத்தலைமுறையில் இத்தனைபேர் தோட்ட ஆசிரியரானதற்குக் காரணம் தொண்டு மனப்பான்மை என்று மேடைகளில் புகழ்கிறோம். தொண்டு மனப்பான்மை பின்னால் வந்தது, அதுவும் மெய்யாகவே வந்தது. ஆனால் முதலில் இருந்தது வேறு வழியின்மை.

அந்த உத்தியோகங்களுள் டீமேக்கரின் தொழிலைச் சற்று அருகிருந்து பார்ப்பது தகும். மாலையில் மலையிலிருந்து வந்த பச்சைக்கொழுந்து ஸ்டோரின் மேல்மாடிகளில் பரப்பப்பட்டுப் பன்னிரண்டு மணியிலிருந்து பதினெட்டு மணி நேரம்வரை வாடும். அன்றைய பனிக்கும் காற்றுக்கும் ஏற்ப எப்பொழுது எடுப்பது என்பதைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடி கொழுந்தை இறுகப் பிடித்து விடும்போது அது உடனே விரியாமல் பஞ்சுபோல் உள்ளங்கையில் கிடந்தால் பதம் என்று கொள்வார்கள். பின்னிரவில் அரைக்கும் மெசின்கள் ஓடத் தொடங்கும். அரைத்த இலை பச்சை மாறிச் செப்பு நிறம் ஏறி, பச்சிலை வாசனை போய்ப் பழவாசனை எழுகிற அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து அடுப்புக்கு அனுப்புவதில்தான் தோட்டத்தின் மாதவிலை அடங்கியிருக்கிறது. கால் மணி பிந்தினால் கொழும்பு ஏலத்தில் அது தெரிந்துவிடும். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோத் தூளாகி, சல்லடைகளில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிந்து பெட்டியில் ஏறும்போது விடிந்து வெயில் வந்திருக்கும். ஹைலண்ட்ஸில் படித்துத் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராகவே தம் காலத்தைக் கழித்த சாரல்நாடன், தோட்டத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் வரலாற்றையும் சி.வி.யைப் பற்றிய ஆராய்ச்சியையும் இத்தகைய இராவிழிப்புகளுக்கு இடையேதான் எழுதினார். மலையக வரலாற்றின் முதன்மையான ஆதாரங்களுட் சில, சர்வகலாசாலைக்குள் கால்வைக்க வாய்க்காத ஒருவருடைய ஓய்வுநேர உழைப்பு என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதமும் துயரமும் ஒருங்கே உண்டாகின்றன.

குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது 1964 அக்டோபர் 30ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. அன்று ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர் என்று கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று ஒத்திவைத்தது. 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களுள் எவரிடமும் யாரும் கலந்து பேசவில்லை. ஹைலண்ட்ஸ் தலைமுறைக்கு அப்போது கலியாணப் பருவம். வரன் பார்க்கும்போது சாதி, குலம், ஜாதகம் ஆகியவற்றோடு, இந்தியாவுக்குப் போட்டவர்களா, இலங்கைக்குப் போட்டவர்களா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வயதுவந்த ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்ததால், தாய்தந்தையர் இந்தியப் பிரஜைகளாகவும், மணமான மகள் கணவனின் மனுவோடு இலங்கையிலும், இளையமகன் எதிலும் சேராதவனாகவும் ஆன குடும்பங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. நிச்சயித்த கலியாணங்கள் நின்றன. நிச்சயிக்காதவை, பயண நாள் வந்துவிட்டதென்று ஒரே வாரத்தில் நடந்தன.

கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் குடும்ப அட்டை கைக்கு வந்ததும், சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களைத் தகரப் பெட்டியில் அடைத்து, ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வார்கள். தலைமன்னாருக்குப் போகிற அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மாரடித்து அழுத அந்த அழுகை, சாவு வீட்டுக்குரிய ஒப்பாரியின் மெட்டிலேயே அமைந்திருந்ததனால் வந்த பெயர் அது. தலைமன்னாரிலிருந்து கப்பல். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டாம் மாதமே தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டதால், அவர்கள் இறங்கிய கரை இராமேஸ்வரம். தங்கிய இடம் மண்டபம் முகாம். 1984இல் கப்பல் நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கடல் கடந்தனர். அவர்களுள் பத்தாம் வகுப்புப் படித்தவர்களும் இருந்தார்கள். இலங்கையில் பெற்ற சான்றிதழுக்குத் தமிழகத்தில் என்ன மதிப்பு என்று கந்தோர் கந்தோராக விசாரித்து அலைந்தவர்கள் அவர்களே. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தமிழ்நாடு அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மீண்டும் கொழுந்துக் கூடையே பலருக்கு வாய்த்தது. தம் மாணாக்கர் போன திசையில் இர. சிவலிங்கமும் பின்னாளில் நீலகிரிக்குச் சென்று, அம்மக்களிடையே தொண்டாற்றினார். பழைய ஆசிரியரும் பழைய மாணவரும் கடலுக்கப்பால் இன்னொரு மலையில் மறுபடி சந்தித்த செய்தி, ஆசிரியத் தொழிலின் சரித்திரத்தில் அபூர்வமானது.

இலங்கையிலேயே நின்றவர்களின் நடுவயதை 1970கள் உலுக்கின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இலும் 1981இலும் 1983இலும் இனக் கலவரங்களில் லயங்கள் எரிந்தன. அச்சத்தால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியவர்களின் பிற்காலத் துன்பம் தனியே எழுதப்பட வேண்டியது. ஆனால் இதே காலப்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. துரையின் சித்தத்தைச் சார்ந்திருந்த வாத்தியார், ஓய்வூதிய உரிமையுள்ள அரசாங்க ஆசிரியரானார். 1980களின் நடுவில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உண்டாயிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. பள்ளியை விட்ட காலத்தில் கேட்கப்பட்ட பத்திரம், ஓய்வுபெறும் காலத்தில் கைக்கு வந்தது.

ஓய்வு என்பதை நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்று வகுத்தபோது, விட்டுச் செல்வதற்கு ஒருவனுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கும் என்று எண்ணியே வகுத்தார்கள். தோட்டத்தில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. லயக் காம்பராவும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸும் வேலையோடு வந்தவை. வேலையோடு போக வேண்டியவை. கிளாக்கரும் டீமேக்கரும் ஓய்வுபெற்றதும் முப்பதாண்டு நாற்பதாண்டு வாழ்ந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கந்தோரில் ஒப்படைக்க வேண்டும். நகரத்தில் துண்டுக் காணி வாங்கி வீடு கட்டிக்கொள்ள இயன்றவர்கள் சிலர். மகன்வீட்டு முன்னறையில் தங்கள் புத்தக அலமாரியோடு ஒதுங்கியவர்கள் பலர். தொழிலாளிக்கோ விஷயம் இன்னும் கடினம். குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைசெய்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற வழக்கம் இருப்பதால், தாய் ஓய்வுபெறுகிற ஆண்டு, படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர் படிப்பை நிறுத்துகிற ஆண்டாகவும் ஆயிற்று. பெற்றோரின் முதுமை மக்களின் தொழிலை நிர்ணயித்தது. தோட்டப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கூலியைப் பற்றி மிகுதியாகவும், இந்த ஒரு கட்டைப் பற்றி மிகக் குறைவாகவும் எழுதியிருக்கிறார்கள். என் கணிப்பில் மலையகக் கல்வியின் பின்னடைவுக்கு ஒற்றை மண்டபப் பள்ளிக்கூடத்துக்கு நிகரான காரணம் இது. நீலகிரிக்குப் போனவர்களுக்கும் அதே நியதி அங்கே காத்திருந்தது. அரசுத் தோட்டத்தில் ஓய்வுபெற்றால் அரசுக் குடியிருப்பும் விட வேண்டியதே.

சட்டம் கொடுத்த ஆறுதல்கள் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்லலாகாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. இன்று தொழிலாளி நூற்றுக்கு எட்டும் முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டுமாகச் செலுத்த, ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் பெண் ஐம்பது வயதிலும் அதைப் பெறலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலைசெய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் வீதம் சேவைக்காலப் பணம் உண்டென்றது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்ததனால், அதற்குப் பின் ஓய்வுபெற்ற பெண்களின் கணக்கு ஓரளவு உயர்ந்தது. அரசாங்க ஆசிரியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம். தோட்டத் தொழிலாளிக்கோ ஒரே தடவையாகக் கிடைக்கிற தொகை. கடன், மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கு முகவருக்குக் கட்டுகிற பணம் என்று அத்தொகை சில மாதங்களிலேயே கரைந்துபோக, ஓய்வுபெற்றவள் மறு ஆண்டே அதே மலைக்குக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவதை எவரும் காணலாம்.

அந்தத் தொகையைப் பெறுவதிலும் காகிதம் குறுக்கே நிற்கும். நாற்பதாண்டுக்குமுன் பிரட்டில் பேர் பதிந்தபோது கங்காணி சொன்ன பெயரைக் கிளாக்கர் எழுதிக்கொண்டார். அடையாள அட்டையில் இருப்பது வேறு. பிறப்புச் சான்றிதழில் இருப்பது இன்னொன்று. செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், சேமலாப நிதியின் பீ கார்ட்டில் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக மாறியிருக்கும். மூன்றும் ஒருத்தியே என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரின் அத்தாட்சி வாங்கி, கே படிவத்தை நிரப்பித் தொழிற் கந்தோருக்குப் போனால், தோட்டம் 1992இல் கம்பனியிடம் கைமாறியபோது பழைய நிர்வாகத்தின் கணக்கு எங்கே என்ற அடுத்த கேள்வி எழும். இவ்விடத்தில்தான் பழைய ஹைலண்ட்ஸ் மாணவர்களின் ஓய்வுகாலத்துக்கு ஓர் உபயோகம் வாய்த்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் அந்தப் பெண்ணின் காகிதங்களை வரிசையாக அடுக்கி, எந்தப் பெயர் எந்த ஆண்டில் எவ்வாறு பிழைபட்டது என்று கண்டுபிடித்து, பாடசாலையின் சேர்வு இடாப்பில் அவளுடைய பிறந்த தேதியைத் தேடி எடுத்து, மனுவோடு இணைத்துக் கொடுக்கிறார். அவளுக்கு ஆனா ஆவன்னா கற்பித்தவரும் அவரேயாக இருப்பார்.

வீட்டுப் பிரச்சினையில் சிறிது வெளிச்சம் தெரிகிறது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கோரிக்கை அரசாங்கத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் நரேந்திர மோதி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அதன் பகுதிகள். கட்டி முடிந்தவற்றைவிட முடியாதவை அதிகம். முடிந்தவற்றிலும் காணி உறுதி கைக்கு வராதவை பல. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த பாதயாத்திரையில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் காணியும் வீடும் முதன்மையாக இருந்தன. தங்கள் பெயரில் எழுதிய உறுதியுடன் ஒரு வீட்டில் உயிர்விட வேண்டுமென்ற அந்தத் தலைமுறையின் ஆசை மிகச் சிலருக்கே நிறைவேறியிருக்கிறது.

அவர்கள் விட்டுச்செல்கிறவற்றுள் இன்னொன்று உண்டு. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் சேர்வு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் இருந்தன. எந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எந்த மாதம் கொழுந்துக்காக வரவு குறைந்தது, எந்த நாளில் எந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போனதால் எந்தப் பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டது என்ற விவரமெல்லாம் அவற்றில், அன்றைய வாத்தியாரின் திருத்தமான கையெழுத்தில், பதிவாகியிருக்கின்றன. பாடசாலைகள் புதிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய மண்டபத்தின் அலமாரிகளிலேயே விடப்பட்டுக் கரையானுக்கு இரையானவை அநேகம். எஞ்சியவற்றை இப்பொழுதே திரட்டிப் பிரதியெடுத்து, அவற்றை எழுதிய ஆசிரியர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் விளக்கம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் இது நடக்கும். பத்தனையில் பயில்கிற இளம் ஆசிரியர்களை அனுப்பினால், ஒரு விடுமுறைக் காலத்துக்குள் ஒரு கோட்டத்துப் பாடசாலைகளின் இடாப்புகள் முழுவதையும் பார்த்துவிடலாம்.